சைக்கிளும் சைக்கிளுக்க படமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் நாளிதழின் முதல் பக்கம் முழுவதும் ஒரு விளம்பரம் வந்திருந்தது. சுதந்திர தினத்துக்கும் ஓணத்துக்கும் சேர்த்துத் தள்ளுபடியாம். அரிசி, மிக்சி, போர்வை, பிளாஸ்டிக் நாற்காலி, எல்லாவற்றுக்கும் நடுவில் சிவப்பு நிறத்தில் ஒரு கியர் சைக்கிள். 11,999 என்று போட்டு அதைக் கோடு கிழித்து அடித்துவிட்டு, பக்கத்தில் கொட்டை எழுத்தில் 5,999. செய்தி படிக்க இரண்டாம் பக்கத்துக்குப் போக வேண்டியிருந்தது. குறை சொல்லவில்லை, பத்திரிகையும் பிழைக்க வேண்டும். ஆனால் அதே சிவப்பு சைக்கிள் ஒன்று இரண்டு மாதமாக என் வீட்டுத் திண்ணையில் சாய்ந்து நிற்கிறது. அதைப் பற்றி எழுத உள்பக்கத்தில் ஒரு மூலை கொடுத்தால் போதும். கடையின் பெயரை நான் எழுதவில்லை. எழுதினாலும் நீங்கள் போடப் போவதில்லை.

நான் கன்னியாகுமரி மாவட்டத்தில் வேர்கிளம்பிப் பக்கத்துக்காரன். தபால்காரனாக 34 வருடம் சைக்கிள் சவிட்டியிருக்கிறேன். மற்ற ஜில்லாக்காரர்கள் ஓட்டுவதை, மிதிப்பதை நாங்கள் சவிட்டுவது என்றுதான் சொல்வோம். இங்குள்ள தரையையும் சொல்ல வேண்டும். நாகர்கோவிலுக்குக் கிழக்கே தோவாளைப் பக்கம் மாதிரி சமமாகப் போகிற ரோடு எங்களுக்குக் கிடையாது. ஒரு ஏற்றம், உடனே ஒரு இறக்கம், கீழே ஒரு ஏலா, அதாவது வயல்வெளி, மறுபடியும் ஏற்றம். ஏற்றத்தில் தபால் பையோடு இறங்கித் தள்ளுவேன். இறக்கத்தில் பிரேக்கை நம்பி விடுவேன். 1986-ல் வாங்கிய பழைய ஹெர்குலிஸ், 28 இஞ்ச், கம்பி பிரேக். கோட்டர் பின் எத்தனை மாற்றினேன், டயர் எத்தனை மாற்றினேன் என்று கணக்கு வைத்ததில்லை. பிரேம் மட்டும் அதே பிரேம். இன்றைக்கும் சந்தைக்கு அதில்தான் போகிறேன்.

இவ்வளவும் சொன்னது பெருமைக்கு இல்லை. இப்படிப்பட்ட ஒருவன் ஏமாந்த கதை என்பதால்தான்.

பேரன் ஏழாம் வகுப்பு. அப்பன் சவூதியில். கூட்டுக்காரப் பையன்கள் எல்லாம் கியர் வண்டியில் வருகிறார்கள், தனக்கும் வேண்டும் என்று ஏப்ரலில் தொடங்கிய பேச்சு பள்ளி திறக்கும் வரை ஓயவில்லை. ஜூன் முதல் வாரம் நாகர்கோவிலில் அந்தப் பெரிய கடைக்குப் போனோம். ஜூன் 3 உலக சைக்கிள் தினமாம், 2018-ல் ஐ.நா. சபை அறிவித்ததாம். அங்கே தொங்கிய அட்டையைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். அதற்கும் ஒரு தள்ளுபடி.

வண்டி பார்க்க அழகாகத்தான் இருந்தது. தடித்த டயர், முன்சக்கரத்தைப் பிடித்திருக்கிற ஃபோர்க்கில் ஸ்பிரிங், இரண்டு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக், 21 கியர். பையன் அதன்மேல் கை வைத்தபோதே நான் பையில் கை வைத்துவிட்டேன். எடை பார்க்கத் தூக்கினேன், என் பழைய இரும்புக்குக் குறைவாகத் தோன்றவில்லை. அந்த இடத்தில் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

பில் போட்டபின் பெட்டியை உடைத்துப் பூட்டிக் கொடுக்க ஒரு பையன் வந்தான். நல்ல பையன், வேலை செய்யத் தயங்கவில்லை. "சார், நான் பாத்திரப் பிரிவு. சைக்கிள் பாக்கிற ஆள் இன்னைக்கு லீவு" என்று அவனே சொன்னான். கையில் பெட்டியோடு வந்த ஒரு அல்லன் கீ, ஒரு தகர ஸ்பேனர். நடுவில் இரண்டு தடவை மொபைலில் வீடியோ பார்த்தான். 25 நிமிடத்தில் வண்டி தயார். டயருக்குக் காற்று அடிக்கப் பம்பு இல்லை, வெளியே பெட்ரோல் பங்க்கில் அடித்துக்கொள்ளச் சொன்னான்.

இப்படி வரும் சைக்கிள்கள் பெட்டிக்குள் முக்கால்வாசி பூட்டியபடிதான் இருக்கும். ஆன்லைனில் விற்கிறவர்கள் '85 சதவீதம் பூட்டியது' என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பாக்கி 15 சதவீதம் என்ன என்று பார்த்தால் ஹேண்டில், முன்சக்கரம், முன்பிரேக், பெடல், சீட். இறக்கத்தில் போகிற பிள்ளையின் உயிரைப் பிடித்திருக்கிற சாமான்கள் எல்லாம் அந்த 15-க்குள்தான் வருகின்றன. அதைத்தான் பாத்திரப் பிரிவுப் பையன் கையில் கொடுத்துவிட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றோம்.

முதல் வாரத்திலேயே பேரன் சொன்னான்: "பாட்டா, வளைக்கும்போ கால் டயர்ல இடிக்குது."

"கால் வளருது மக்களே" என்றேன் நான். என் அறிவு அவ்வளவுதான்.

இரண்டாவது வாரம் இடதுபக்கப் பெடல் ஆடத் தொடங்கியது. ஸ்பேனர் போட்டு இறுக்கினேன். மறுநாளும் ஆடியது. மூன்றாவது வாரம் இடவப்பாதி மழை நன்றாகப் பிடித்திருந்த ஒரு சாயங்காலம், பள்ளியிலிருந்து வரும் வழியில் எங்கள் இறக்கத்தில் முன்பிரேக்கின் கம்பி பிடியிலிருந்து உருவிக்கொண்டது. பின்பிரேக் ஏற்கனவே பேருக்குத்தான். லீவரைக் கைப்பிடியோடு ஒட்ட அமர்த்தியும் வண்டி நிற்கவில்லை. காலை ஊன்றி ஓரம் திருப்பப் பார்த்திருக்கிறான், கால் முன்டயரில் மாட்டியது. ரோட்டோரம் ஒரு மரச்சீனி (மரவள்ளி) விளை. புதிதாக வெட்டிக் கூட்டிய மண், அதுவும் மழையில் நனைந்து குழைந்த மண். அதில் போய் விழுந்தான். எதிர்ப்பக்கம் விழுந்திருந்தால் கல்கட்டு. நாடியில், அதாவது மோவாயில், மூன்று தையல். வீட்டுக்காரி என்னை அன்றைக்குப் பேசின பேச்சை இங்கே எழுத முடியாது.

மறுநாள் வண்டியைத் தள்ளிக்கொண்டு சந்திப்பில் உள்ள சைக்கிள் கடைக்குப் போனேன். அந்த அண்ணனுக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. என் ஹெர்குலிஸுக்குக் குடும்ப வைத்தியர் அவர்தான். வண்டியைத் தொடவே இல்லை. தள்ளி நின்று ஒரு நிமிடம் பார்த்தார்.

"ஓய், டிஸ்க் எந்தப் பக்கம் இருக்கு?"

முன்சக்கரத்தில் வலப்பக்கம் இருந்தது.

"பின்னால?"

இடப்பக்கம்.

"முன்னாலயும் இடப்பக்கம்தான் ஓய் வரணும். ஃபோர்க்க முன்பின் மாத்தித் திருப்பி வச்சு பூட்டியிருக்கான். அதான் சக்கரம் உள்ள ஏறி வந்து பிள்ளைக்கக் கால்ல இடிக்குது. மூணு வாரமா நீரும் பாத்துட்டுதான இருந்தீரு?"

பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பழைய சைக்கிளில் ஃபோர்க்கின் நுனி முன்பக்கம் வளைந்து நிற்கும், திருப்பிப் போட்டால் குழந்தைக்குக்கூடத் தெரிந்துவிடும். இந்த ஸ்பிரிங் ஃபோர்க் கால் இரண்டும் நேராக இறங்குகிறது. எனக்குத் தெரியவில்லை. 34 வருடம் சவிட்டிய எனக்கே தெரியவில்லை என்றால், அரிசி வாங்கப் போய் கூடவே சைக்கிளும் வாங்கி வருகிற தாய்மார்களுக்கு எப்படித் தெரியும்?

அடுத்தது பெடல். விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வலது பெடலின் மரை வழக்கமான மரை. இடது பெடலுக்கு மட்டும் எதிர்த்திசை மரை. சவிட்டச் சவிட்டக் கழன்றுவிடாமல் இருக்க அப்படி வைத்திருக்கிறார்கள். பெடலின் அச்சு நுனியில் 'எல்', 'ஆர்' என்று பொறித்தும் இருக்கும். அந்தப் பையன் வலது பெடலை இடப்பக்கம் கொடுத்து, ஏறாமல் போகவும் பலம் பிடித்துத் திருகியிருக்கிறான். அப்புறம் தப்பு தெரிந்து மாற்றியிருக்கிறான். அதற்குள் கிராங்க்கின், அதாவது பெடல் மாட்டுகிற தண்டின், மரை வழுகிப்போயிருந்தது. நான் போட்ட இறுக்கு மிச்சம் இருந்ததையும் முடித்துவைத்தது. அண்ணன் பெடலைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். மரைக்குள் வெள்ளி நூல் மாதிரி இரும்புச் சுருள். அதைப் பார்த்த பிறகுதான் எனக்குக் கோபம் வந்தது. தையல் போடும்போதுகூட அவ்வளவு வரவில்லை.

ஹேண்டிலின் கழுத்தைக் கழற்றினார். உள்ளே இருந்த பால்ரஸ் குண்டுகள் எல்லாம் காய்ந்த கடுகு மாதிரி உதிர்ந்தன. கிரீஸ் என்று விரலில் தொட்டுக்கொள்ளக்கூட இல்லை. மூன்று வார மழையில் அதற்குள் செம்மண் நிறத்தில் துரு. பின்சக்கரத்தைச் சுழற்றினால் பாம்பு போகிற மாதிரி போனது. முன்னால் உள்ள மூன்று செயின் வீலும் ஒன்றோடொன்று ரிவிட் அடித்தவை, ஒன்றில் பல் போனால் மூன்றையும் கிராங்க்கோடு சேர்த்துத்தான் தூக்கிப்போட வேண்டும்.

எல்லாவற்றையும் சாக்கில் பரப்பி வைத்துவிட்டு அண்ணன் சொன்னார்: "இது சைக்கிள் இல்ல ஓய். சைக்கிளுக்க படம்."

இதை மகனிடம் போனில் சொன்னேன். அவன் இணையத்தில் தேடிவிட்டுச் சொன்னான், இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் மெக்கானிக்குகள் இந்த வகை வண்டிக்கு 'சைக்கிள் வடிவில் உள்ள பொருள்' என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்களாம். சில வருடங்களுக்கு முன் அமெரிக்க மெக்கானிக்குகள் சேர்ந்து, கெட்டுப்போவதற்கென்றே செய்த சைக்கிளை விற்காதே என்று கம்பெனிகளுக்கும் பெரிய கடைகளுக்கும் மனுக் கொடுத்தார்களாம். எங்கள் அண்ணன் அமெரிக்காவைப் பார்த்ததில்லை, களியக்காவிளையைத் தாண்டிப் போவதே அபூர்வம். ஆனால் அவர் சொன்ன பெயர்தான் எனக்குப் பிடித்திருக்கிறது.

சரி, கணக்குக்கு வருகிறேன். கிராங்க் 250, ஒரு ஜோடி பெடல் 180, பிரேக் கம்பி இரண்டும் 120, டிஸ்க்குக்குப் புதுக் கட்டை 150, பின்சக்கரம் கோட்டம் எடுக்க 100, எல்லாம் கழற்றிக் கழுவி கிரீஸ் வைத்துப் பூட்டிய கூலி 400. மொத்தம் 1,200. வண்டியோடு மட்கார்டு, கேரியர், ஸ்டாண்டு எதுவும் வரவில்லை. அதனால்தான் இரண்டு மாதமாகத் திண்ணையில் 'சாய்ந்து' நிற்கிறது என்று மேலே எழுதினேன், ஸ்டாண்டு போன வாரம்தான் வந்தது. அந்த மூன்றுக்கும் 800. கூட்டிப் பாருங்கள், 5,999 வண்டி 7,999 ஆகிவிட்டது. மழைக்காலத்தில் மட்கார்டு இல்லாமல் பள்ளிக்குப் போன பிள்ளையின் வெள்ளைச் சட்டை முதுகில் விழுந்த சேற்றுக்கோட்டை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

அதே சந்திப்பில், கியர் இல்லாத, மட்கார்டு கேரியர் ஸ்டாண்டு எல்லாம் உள்ள சாதாரண வண்டி 7,200-க்கு நிற்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதம் ஆகிவிட்டதால் சின்னக் கடையிலும் விலை கொஞ்சம் இறங்கித்தான் இருக்கிறது. அங்கே வாங்கினால் பூட்டிய ஆள் தெரியும். சத்தம் கேட்டால் மறுநாள் காலையில் அவர் கடை வாசலில் கொண்டு நிறுத்தலாம், "என்ன ஓய் பூட்டினீரு?" என்று கேட்கலாம். எங்கள் காலத்தில் சைக்கிள் வாங்குவது அரைநாள் வேலை. பிரேம் இது, ரிம் இது, சீட் இது என்று நாமே பொறுக்குவோம். கடைக்காரர் ஸ்போக்ஸ் கோத்து, சக்கரத்தைச் சுழற்றிக் கோட்டம் பார்த்து, எண்ணெய் விட்டு, முதலில் தானே ஒரு சுற்று ஓட்டிவிட்டுத்தான் நம் கையில் தருவார். ஒரு மாதம் கழித்து மறுபடியும் கொண்டுவரச் சொல்வார், புதுக்கம்பி எல்லாம் தளர்ந்திருக்கும், இறுக்க வேண்டும் என்று.

விலை குறைந்த வண்டியே கூடாது என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ரப்பர் பால் வெட்டப் போகிறவரும் கொத்து வேலைக்குப் போகிறவரும் பிள்ளைக்கு 20,000 ரூபாயில் சைக்கிள் வாங்க முடியாது. எனக்கும் முடியாது. ஆறாயிரம் ரூபாய்க்கு ஒழுங்கான சைக்கிள் செய்யலாம். அதில் 21 கியரும் ஸ்பிரிங் ஃபோர்க்கும் இரண்டு டிஸ்க்கும் வைத்து ஒழுங்காகச் செய்ய முடியாது. பளபளப்புக்குப் போன காசு பால்ரஸிலிருந்தும் பிரேக் கம்பியிலிருந்தும்தானே எடுக்கப்பட்டிருக்கும்? எங்கள் ஏற்றத்துக்கு கியர் உதவும், மறுக்கவில்லை. ஆனால் பேரன் மூன்று கியருக்கு மேல் மாற்றினால் செயின் கழன்றுவிடுகிறது என்று அதிலேயே போகிறான். இதைவிடவும் குறைந்த விலை வண்டிகளில் இரும்பு ரிம்மும் ரப்பர் கட்டையும் வருகின்றன. நனைந்த இரும்பு ரிம்மில் ரப்பர் பிடிக்காது. மழையில் என் ஹெர்குலிஸை நிறுத்தப் பத்தடி முன்னாலேயே அமர்த்தத் தொடங்குவேன், அது எனக்குப் பழக்கம். பத்து வயதுப் பிள்ளைக்குப் பழக்கம் இருக்காது. வருடத்தில் இரண்டு மழைக்காலம் உள்ள ஊர் இது. அலுமினிய ரிம் கேட்டு வாங்குங்கள். குளச்சல், முட்டம் பக்கம் கடற்கரையில் இருப்பவர்கள் இன்னும் கவனிக்க வேண்டும், முலாம் மட்டமான நட்டு உப்புக்காற்றில் ஒரு மழைக்காலம் கழிந்தால் ஸ்பேனருக்குத் திரும்பாது என்கிறார் அண்ணன்.

வாங்கியே ஆக வேண்டும் என்றால், கடையிலேயே முன்சக்கரத்தை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஹேண்டிலைத் திருப்பிப் பாருங்கள். சக்கரம் நிற்க ஹேண்டில் மட்டும் திரும்பினால் கழுத்து இறுக்கவில்லை. பிரேக்கை அமர்த்திக்கொண்டு வண்டியை முன்னால் தள்ளுங்கள், சக்கரம் உருளக் கூடாது. டிஸ்க் இரண்டும் இடப்பக்கம் இருக்கிறதா பாருங்கள். அப்புறம் பிள்ளையை ஏற்றாமல் நேரே ஊரில் உள்ள சைக்கிள் கடைக்குக் கொண்டுபோய் முந்நூறோ நானூறோ கொடுத்து முழுக்கக் கழற்றிப் பூட்டச் சொல்லுங்கள். பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசு தருகிற சைக்கிளையே வாங்கிய கையோடு கடையில் கொடுத்து டைட் வைத்துத்தான் எங்கள் ஊரில் பிள்ளையை ஏற்றுகிறார்கள். காசு கொடுத்து வாங்கியதற்கு அதைச் செய்ய எனக்குத் தோன்றவில்லை பாருங்கள்.

பெரிய கடைக்காரர்களுக்கும் ஒன்று. சைக்கிள் பூட்டத் தெரிந்த ஒருவரைச் சம்பளத்துக்கு வையுங்கள். அவர் லீவு என்றால் அன்றைக்கு சைக்கிள் விற்காதீர்கள். பூட்டியவர் பெயரைப் பில்லின் பின்னால் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். பெரிய கோரிக்கை இல்லை, பதிவுத் தபால் கொடுக்கும்போது நான் 34 வருடம் கையெழுத்து வாங்கியிருக்கிறேன்.

புகார் செய்தாயா என்று கேட்பீர்கள். செய்தேன். வண்டியோடு கடைக்குப் போனபோது, வாரண்டி பிரேமுக்கு மட்டும், கம்பெனிக்கு மெயில் போடுங்கள் என்றார்கள். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று பில்லில் அச்சடித்திருப்பதைக் காட்டினார்கள். நானும் சும்மா விடவில்லை. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லவில்லை என்றால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம். நாகர்கோவிலிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு வழக்குப் போடக் கட்டணமும் இல்லை. நான் முதல்படியாக 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசினேன், தமிழிலேயே பேசினார்கள், புகார் எண் தந்தார்கள். ஒன்று மட்டும் சொல்லிவைக்கிறேன், பில்லை வாங்கிய அன்றே போட்டோ எடுத்துவிடுங்கள். அந்த வழவழத் தாள் பில் அலமாரியில் இருந்தே வெளுத்துப்போகிறது. என்னுடையதில் இப்போது கடையின் பெயரும் 'நன்றி, மீண்டும் வருக' என்பதும் மட்டும்தான் தெரிகிறது.

பத்தொன்பதாவது நாள் கடையிலிருந்து ஒரு பெண் போனில் கூப்பிட்டு மரியாதையாகப் பேசினார். நடந்ததற்கு வருந்துகிறார்களாம். 500 ரூபாய்க்கு ஒரு கூப்பன் அனுப்பினார்கள். அதே கடையில்தான் செல்லும், அதுவும் ஓணம் வரைக்கும்தான். அதை வைத்து என்ன வாங்கலாம் என்று வீட்டில் இரண்டு நாள் பேச்சு. பேரன், சைக்கிளுக்கு ஒரு டியூப் வாங்கி வைக்கலாம் பாட்டா என்றான். போன் போட்டுக் கேட்டேன். டியூப், பிரேக் கட்டை எதுவும் அவர்கள் விற்பதில்லையாம். சைக்கிள் வேண்டுமானால் இருக்கிறதாம். கூப்பனைக் கொண்டுவந்தால் 5,499-க்குத் தருவார்களாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால்காரர்,
வேர்கிளம்பி, கன்னியாகுமரி மாவட்டம்.